ரிசர்வ் வங்கியைப் பார்க்க எங்கள் மகளிர் குழு போகலாமா?

பாலக்கோடு ஊக்குநர் கேட்கிறார்:

வணக்கம். பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநர் நான். பதினோரு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறேன். குழுவில் பதினான்கு பேர். பாதிப் பேருக்குத் தக்காளித் தோட்டம், சிலருக்குப் பட்டுப்புழு வளர்ப்பு. இருவர் தையல் வேலை செய்கிறார்கள். ஒருவர் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் சேர்ந்து வெளியூர் போவது வழக்கம். அதற்கென்று மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் தனியாகப் போட்டு வைப்போம். ஒருமுறை மேல்மருவத்தூர் போனோம், ஒருமுறை திருப்பதி, ஒருமுறை ராமேசுவரம். இந்த முறை எங்கே என்று பேச்சு வந்தபோது, எங்களில் மூத்த பெரியம்மா அன்று வசூலான பணத்திலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதிலே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? சாமியெல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்" என்றார்.

எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக நோட்டை எண்ணுகிறேன், கட்டுகிறேன், வங்கியில் கட்டிவிட்டு ரசீது வாங்குகிறேன். ஒருநாளும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். சுற்றுலாக் கணக்கில் 33,600 ரூபாய் இருக்கிறது.

இப்போது கேள்வி. என் அக்கா மகன் பெங்களூருவில் வேலை செய்கிறான். "அது துப்பாக்கிக் காவல் போட்ட அலுவலகம், உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்" என்கிறான். வேறொருவர் மும்பையில் அருங்காட்சியகம் இருக்கிறது, உள்ளே விடுவார்கள் என்கிறார். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. இரண்டு பேருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். தங்கத்தைக் காட்டுவார்களா? இவ்வளவு தொலைவு போய்வருவது தகுமா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எங்கள் உறுப்பினர் ஒருவர் மகளின் சீருக்காகச் சேர்த்த பணத்தைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கரையான் புகுந்து பாதி நோட்டுகளை அரித்துவிட்டது. ஒரு வங்கிக் கிளைக்கு எடுத்துப் போனார். "இது செல்லாது, குப்பையில் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் குப்பையில் போடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். அந்தப் பெரிய வங்கியில் யாரிடமாவது காட்ட முடியுமா என்று கேட்கிறார்.

ஓசூர் பயணி:

அக்கா, வழி மட்டும் சொல்கிறேன். பாலக்கோட்டிலேயே ரயில் நிலையம் இருப்பதால் உங்களுக்குப் பெங்களூரு போவது எளிது. அங்கிருந்து உத்யான் எக்ஸ்பிரஸ் மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்கே போகிறது. ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். இரவு ஏறினால் மறுநாள் இரவு இறங்குவீர்கள். அருங்காட்சியகம் கோட்டைப் பகுதியில் சர் பெரோஸ்ஷா மேத்தா சாலையில், அமர் கட்டடத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

திங்கட்கிழமை மூடியிருக்கும். வங்கி விடுமுறை நாட்களிலும் திறக்கமாட்டார்கள். எல்லோரும் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு பேர் சேர்ந்து போவதால் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

ஓய்வுபெற்ற காசாளர், கிருஷ்ணகிரி:

அம்மா, உங்கள் பெரியம்மாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் பத்தொன்பது ஆண்டுகள் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்ட கேள்வியை என்னிடம் ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

போகலாம். கட்டாயம் போங்கள். ஓய்வுபெற்ற நாங்கள் இருபத்திரண்டு பேர், மனைவிமாரோடு, சில ஆண்டுகளுக்கு முன் போய்வந்தோம். உங்கள் அக்கா மகன் சொல்வது தலைமை அலுவலகத்தைப் பற்றி. அது உண்மைதான். அதை வெளியிலிருந்து பார்க்கலாம், வாசலில் புலியும் பனைமரமும் உள்ள சின்னத்தைக் காட்டலாம், அவ்வளவுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மொகர் என்ற பழைய தங்கக் காசில் சிங்கமும் பனையும் இருந்தன. சிங்கத்தை எடுத்துவிட்டு, நம் நாட்டுக்குப் பொருத்தமாகப் புலியை வைத்தார்கள். எதிரே அரசு நாணயச் சாலை இருக்கிறது. அதற்குள்ளும் போக முடியாது.

அருங்காட்சியகம் வேறு. அது மக்கள் பார்ப்பதற்காகவே வைத்தது. 2004ஆம் ஆண்டு நவம்பரில், அன்றைக்குக் குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம்தான் திறந்துவைத்தார். நாங்கள் முன்பே எழுதிக் கேட்டிருந்ததால் ஒருவர் கூடவே வந்து விளக்கினார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் அவர் முடித்த பிறகு நான் தமிழில் சொன்னேன். அதனால் இரண்டு மடங்கு நேரம் ஆனது. அவர் முகம் சுளிக்கவே இல்லை. உங்களோடு ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். வெறுமனே சுற்றிவந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மனத்தில் ஒன்றும் தங்காது.

தங்கத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ரிசர்வ் வங்கியின் தங்கம் பெட்டகத்தில் இருக்கிறது, அதை யாருக்கும் காட்டுவதில்லை. நீங்கள் பார்க்கப் போவது பணம் நடந்து வந்த பாதை. முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள், குப்தர் காலத்துப் பொற்காசுகள், ரூபாய் என்ற பெயரை நிலைக்கச் செய்த ஷெர் ஷாவின் வெள்ளிக் காசு. இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் காசு நின்று காகிதம் தொடங்கும். அந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். அங்கே உண்டியல்கள் இருக்கின்றன. நாம் உண்டியல் என்றால் கோயில் பெட்டியை நினைக்கிறோம். வணிகர்களுக்கு உண்டியல் என்பது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று இன்னோர் ஊர்க் கடைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. பணத்தை மூட்டை கட்டிச் சுமக்காமல் ஒரு சீட்டில் ஊர்விட்டு ஊர் அனுப்பினார்கள்.

எனக்குப் பிடித்தது அரை நோட்டு. 1861இல் சட்டம் வந்த பிறகு அரசாங்கமே நோட்டு அடித்தது. அதற்கு முன்பு பேங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற மாகாண வங்கிகள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பழைய நோட்டுகளில் ஒரு பக்கம்தான் அச்சு இருக்கும். தபாலில் அனுப்பும்போது திருடு போகக் கூடாதென்று நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்களாம். கிடைத்துவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் மறு பாதி போகும். வழிகாட்டி இதைச் சொன்னதும் எங்களோடு வந்த ஒரு பழைய தலைமைக் காசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் கிழிந்த நோட்டை ஒட்டிக்கொண்டிருந்தவர்.

பத்தாயிரம் ரூபாய் நோட்டைப் பற்றியும் கேளுங்கள். 1938இல் வந்தது, 1946இல் செல்லாமல் போனது. மறுபடி 1954இல் வந்து 1978இல் மீண்டும் செல்லாமல் போனது. 2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்ற உங்கள் குழுவினருக்கு இது உடனே விளங்கும்.

கையெழுத்துக்கு வருகிறேன். பெரியம்மா கேட்டது அதைத்தானே. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று கல்கத்தாவில் தொடங்கியது. 1937இல் தலைமையகம் மும்பைக்கு வந்தது. அந்த வங்கியின் தலைவரை ஆளுநர் என்பார்கள், நோட்டில் கையெழுத்திடுபவர் அவர்தான். முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித். ஆனால் அவர் கையெழுத்து ஒரு நோட்டிலும் இல்லை. வங்கி தன் முதல் நோட்டை 1938இல்தான் வெளியிட்டது, அதில் இருப்பது அடுத்து வந்த ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து. நம் தமிழ்நாட்டுக்காரர் சி. ரங்கராஜன் கையெழுத்திட்ட நோட்டு உங்கள் பெட்டிகளில் எங்காவது இருக்கலாம், தேடிப் பாருங்கள். அவர் 1992 முதல் 1997 வரை ஆளுநராக இருந்தார். மகாத்மா காந்தி வரிசை என்ற நோட்டுகள் 1996இல் அவர் காலத்தில் தொடங்கியவைதான்.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கிறது. இதைக் கொண்டுவருபவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பதாக உறுதி சொல்கிறேன் என்று பொருள். அதுதான் நோட்டு. மீதியெல்லாம் அலங்காரமும் பாதுகாப்பும். ஒரு ரூபாய் நோட்டில் அந்த வரி கிடையாது, ஏனென்றால் அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசு. நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுவார். உங்களிடம் ஒரு ரூபாய் நோட்டு இருந்தால் பெரியம்மா கையில் ஐந்நூறையும் ஒன்றையும் கொடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பின்பக்கம் பதினைந்து மொழிகளில் எழுதியிருக்கும் பட்டியில் மேலிருந்து பதின்மூன்றாவது வரி தமிழ். அதையும் அவரே கண்டுபிடிக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி மும்பையில் மட்டும் இல்லை. நான் வேலை பார்த்த கிளையில் கரன்சி பெட்டகம் இருந்தது. அதற்குள் இருந்த பணம் எங்கள் வங்கியினுடையது அல்ல, ரிசர்வ் வங்கியினுடையது. சென்னையிலிருந்து போலீஸ் காவலோடு வண்டி வரும். எண்ணி வாங்கி உள்ளே வைப்போம். இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவி. ஒருவர் மட்டும் திறக்க முடியாது. மாங்காய்ப் பருவத்தில், கூழ்த் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும் நாட்களில், மண்டிக்காரர்களுக்குப் பணம் கொடுத்து மாளாது. பெட்டகத்தின் கதவைத் தாண்டி எங்கள் மேசைக்கு வந்த பிறகுதான் அந்தப் பணம் புழக்கத்துக்கு வந்ததாகக் கணக்கு. நான் அந்தக் கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன்.

உங்கள் குழுவுக்கும் அப்படித்தான். பதிவு செய்யாத பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு பெயர் வைத்துக்கொண்டு வந்து கணக்குத் தொடங்க வேண்டும் என்றால் முன்பு வங்கிகள் தயங்கின. சங்கமா, நிறுவனமா, யார் பொறுப்பு என்று கேட்டன. 1993இல் ரிசர்வ் வங்கிதான் குழுவின் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் குழுவின் பெயர் அச்சாகியிருக்கிறதே, அது அந்தச் சுற்றறிக்கையால் வந்தது. அந்தப் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

கடைசியாகக் கரையான் அரித்த நோட்டு. இதற்கு மும்பை போக வேண்டியதில்லை, அருங்காட்சியகத்தில் மாற்றவும் மாட்டார்கள். குப்பையில் போடச் சொன்னது தவறு, எனக்குக் கோபமே வருகிறது. ரிசர்வ் வங்கியின் நோட்டு திருப்பித் தரும் விதிகள் இருக்கின்றன. இருபது ரூபாய் வரையுள்ள நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக மீதியிருந்தால் முழுப்பணம். ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை இருந்தால் பாதிப் பணம். 40க்கும் கீழே என்றால் கிடைக்காது. ஒட்டவோ அயர்ன் செய்யவோ வேண்டாம். அப்படியே ஒரு தட்டையான அட்டைக்குள் வைத்து, கரன்சி பெட்டகம் உள்ள கிளைக்குப் போங்கள். மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அரூர் வரலாற்று ஆசிரியர்:

அக்கா, காசாளர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 33,600 ரூபாயில் பதினான்கு பேர் மும்பை போய், இரண்டு இரவு தங்கி, சாப்பிட்டுத் திரும்புவது கடினம். மும்பையில் தங்கும் செலவு அதிகம். சென்னையையும் யோசித்துப் பாருங்கள்.

ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் இருக்கிறது. உள்ளே பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆனால் அதே சாலையில் ஸ்டேட் வங்கியின் பழைய சிவப்புக் கட்டடம் இருக்கிறது. 1843இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டியது அது. 1921இல் மூன்று மாகாண வங்கிகளும் சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆயின. ரிசர்வ் வங்கி வரும்வரை மத்திய வங்கியின் வேலைகள் பலவற்றை அதுதான் செய்தது. பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவைப் பாருங்கள். எல்லாம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நான் பள்ளிப் பிள்ளைகளை இப்படி ஒருமுறை அழைத்துப் போனேன். ராஜாஜி சாலையில் இறங்கியதும், இந்தப் பெயருக்குரியவர் நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் என்றேன். அதுவரை பேருந்தில் தூங்கிக்கொண்டு வந்த பையன்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

இன்னொரு செய்தியும் உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுத் திட்டத்தை 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டது 1992இல். நாம் அதற்கு மூன்று ஆண்டு மூத்தவர்கள்.

காவேரிப்பட்டினத்துக்காரன், லண்டன்:

அக்கா, தங்கம் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே இங்கிலாந்து வங்கி இருக்கிறது. 1694இல் தொடங்கியது. பிரான்சோடு போர் நடத்த மன்னர் வில்லியத்துக்குப் பணம் தேவைப்பட்டது. 1,268 பேர் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் பன்னிரண்டு லட்சம் பவுண்டு பணம் போட்டார்கள். எட்டு விழுக்காடு வட்டி. போட்டவர்களில் பெண்களும் உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கடன் கொடுத்த ஒரு குழுவாகத்தான் அதுவும் பிறந்தது.

செப்டம்பர் மாதம் லண்டனில் பழைய கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் விழா நடக்கும். ஓராண்டு அம்மா இங்கே வந்திருந்தபோது வங்கியின் உள்ளே குழுவாக அழைத்துப் போகும் வாய்ப்பு கிடைத்தது. வெளியே சன்னலே இல்லாத மதில். ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. மதிலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருந்ததையெல்லாம் 1925க்குப் பிறகு இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வழிகாட்டி எங்களை இயக்குநர்கள் கூடும் அறைக்கு அழைத்துப் போனார். சுவரில் கடிகாரம் போல ஒன்று, ஆனால் மணி காட்டவில்லை. காற்றின் திசையைக் காட்டுகிறது. கூரையில் உள்ள காற்றுக்காட்டியோடு இணைத்திருக்கிறார்கள், 1805இலிருந்து. கீழ்க்காற்று அடித்தால் சரக்குக் கப்பல்கள் தேம்ஸ் ஆற்றில் ஏறி வரும், வணிகர்களுக்குப் பணம் தேவைப்படும் என்று தெரிந்துகொள்வார்களாம். காசாளர் ஐயா மாங்காய்ப் பருவத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கருவிதான் நினைவுக்கு வந்தது.

உள்முற்றத்தில் அம்மா சட்டென்று நின்றுவிட்டார். "இது மல்பெரி" என்றார். வழிகாட்டியிடம் கேட்டேன், ஆமாம் என்றார். சீனாவில் பழைய காகிதப் பணத்தை மல்பெரிப் பட்டையில் செய்த தாளில்தான் அச்சடித்தார்கள் என்றும் சொன்னார். பட்டுப்பூச்சிக்குத் தழை பறித்த கை அம்மாவுடையது. அந்தப் பெரிய வங்கிக்குள் அவருக்குத் தெரிந்த முதல் பொருள் அதுதான். அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது, தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கினார்.

தங்கம் இருப்பது அதே கட்டடத்தின் ஒரு பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்தில். அங்கே கட்டணம் கிடையாது. கண்ணாடிக் கூண்டில் ஒரு தங்கக் கட்டி. ஓர் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தூக்கிப் பார்க்கலாம். ஏறக்குறைய 13 கிலோ. எனக்கு முன்னால் நின்ற இளைஞனுக்கு அது அசையவில்லை. அம்மா கூடை தூக்கிப் பழகியவர், ஒரு கையால் தூக்கிவிட்டார். தரையடிப் பெட்டகங்களில் இப்படி நான்கு லட்சம் கட்டிகள் இருக்கின்றன. இதெல்லாம் யாருடைய தங்கம் என்று அம்மா கேட்கச் சொன்னார். பெரும்பகுதி வங்கியினுடையது இல்லை, பிரிட்டன் அரசுக்கும் மற்ற நாடுகளுக்கும் சொந்தம், பாதுகாப்புக்காக இங்கே வைத்திருக்கிறார்கள் என்றார்கள்.

நம் தங்கமும் அங்கே இருந்தது, இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. 1991இல் இறக்குமதிக்குக் கொடுக்க அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தவித்தபோது ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் அனுப்பி, இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்துக் கடன் வாங்கியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மீட்டுவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கடனை அதே ஆண்டிலேயே அடைத்துவிட்டோம், 2009இல் பன்னாட்டு நாணய நிதியத்திடமிருந்து 200 டன் விலைக்கும் வாங்கினோம் என்றேன். நகையை அடகுக் கடையில் வைத்து மீட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மும்பையா சென்னையா என்றால், என் எண்ணம் மும்பை. பெரியம்மா கேட்டது கையெழுத்துப் போட்டவர் இருக்கும் ஊரை.

பாலக்கோடு ஊக்குநர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் நீங்கள் எழுதியதையெல்லாம் உரக்கப் படித்தேன். இரவு ஒன்பதரை ஆகிவிட்டது, ஒருவரும் எழுந்து போகவில்லை.

பதின்மூன்றாவது வரியைப் பெரியம்மா விரல் வைத்து எண்ணிக் கண்டுபிடித்தார். "ஐந்நூறு ரூபாய்" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் குழுவுக்கு வந்தபோது கைநாட்டு வைத்தவர். அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் கற்றதை விட்டுவிட்டு, எங்களோடு சேர்ந்த பிறகு மறுபடி பழகியவர். ரங்கராஜன் கையெழுத்துப் போட்ட பழைய பத்து ரூபாய் நோட்டு ஒன்று தையல்காரத் தங்கையின் வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் கிடைத்தது. அதை உறை போட்டு வைத்திருக்கிறோம்.

அரூர் ஆசிரியர் சொன்ன செலவுக் கணக்கு சரிதான். உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஸ்லீப்பர் டிக்கெட், இரண்டு இரவு தங்குவது, சாப்பாடு என்று கூட்டினால் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் குறைகிறது. அதற்காக இதை விட்டுவிட மனமில்லை. இன்னும் ஆறு மாதம் சுற்றுலாச் சந்தாவை நூறிலிருந்து முந்நூறாக உயர்த்தியிருக்கிறோம். தக்காளி விலை எப்படி இருந்தாலும் கட்டுவதாகப் பேசி முடிவு செய்திருக்கிறோம். தை முடிந்து போகிறோம், மும்பைக்கு. என் அக்கா மகனையே மொழிபெயர்க்க அழைத்துப் போகிறேன், அவனும் சம்மதித்துவிட்டான்.

கரையான் நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். அளவுகோல் வைத்து அளந்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளில் ஒன்பது, முக்கால்வாசிக்கும் மேல் நன்றாக இருக்கின்றன, எண்பது விழுக்காட்டைத் தாண்டுகின்றன என்றே நினைக்கிறேன். ஐந்து, ஏறக்குறைய பாதி. மூன்று நோட்டு ஓரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த மூன்றையும் எடுத்துப் போக வேண்டுமா, வேண்டாமா? வரும் வியாழக்கிழமை அவரோடு நானும் கிளைக்குப் போகிறேன்.

இன்னொன்று, பத்து ரூபாய்க் காசு. எங்கள் ஊர்க் கடைகளில் வாங்க மறுக்கிறார்கள். சேமிப்பில் அது மட்டும் நாற்பத்தாறு சேர்ந்துவிட்டது.

ஓய்வுபெற்ற காசாளர், கிருஷ்ணகிரி:

மூன்றையும் எடுத்துப் போங்கள், அம்மா. எது தகும், எது தகாது என்று தீர்மானிக்க வேண்டியவர் அதிகாரிதான், நீங்கள் முன்பே கழித்துவிட வேண்டாம். நோட்டுகளை மூன்று பிரிவாக வைத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண் முழுவதும் தெரியாவிட்டால் தெரிகிற இலக்கங்களை மட்டும் எழுதுங்கள். பதினேழு நோட்டு என்று மேலே குறித்து, ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். காலையில் கவுன்டர் திறந்தவுடன் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். பதினொன்றரைக்கு மேல் போனால் நிதானமாகப் பார்ப்பார்கள்.

பத்து ரூபாய்க் காசில் அதுவரை பதினான்கு விதமான வடிவம் வந்திருந்தது, பதினான்கும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. வியாழக்கிழமை அந்த நாற்பத்தாறையும் சேர்த்து எடுத்துப் போய்க் குழுக் கணக்கில் கட்டிவிடுங்கள். வங்கி வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் வடிவத்துக்கு ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள். மும்பையில் பெரியம்மா கையில் இருக்கட்டும்.

நானும் வியாழக்கிழமை தருமபுரிக்கு வருகிற வேலை இருக்கிறது. எந்தக் கிளை என்று தனிச் செய்தியில் எழுதுங்கள், வாசலில் நிற்கிறேன்.